ஈயமும் ஒளியும்

கிள்ளானிலிருந்து பந்திங் நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது தெலுக் பங்லிமா காராங். கோல லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்களும் தொழிற்சாலைகளும் உள்ளன. இவற்றிற்கிடையே புதிய வரிசை வீடுகளும் எழுந்துள்ளன. ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே வகை அலுமினியச் சன்னல்! புது வீட்டின் சாவியைப் பெறும் குடும்பங்கள், அதைத் தங்கள் வீடு என்று அடையாளம் காட்ட ஏதேனும் ஒன்றைச் சேர்க்க விரும்புகின்றன. சிலர் வாசற்கதவை மாற்றுவர். சிலர் பூசையறைக்குச் செதுக்கு வேலைப்பாடு கொண்ட கதவைப் பொருத்துவர். வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைத்துச் செய்யப்படும் பழைய வகைச் சன்னலை விரும்புவோரும் உண்டு.

இச்சன்னல் கண்ணுக்கு விருந்தளிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால், குளிர்நாட்டுக் கற்கட்டடங்களுக்காகத் தோன்றிய ஒன்று, வெயிலும் மழையும் மிகுந்த நம் நாட்டு வரிசை வீட்டிற்குப் பொருந்துமா? இதற்கு விடை காண, அச்சன்னலின் தன்மையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

ஈயம் எதற்கு?

இன்று ஒரு சுவரையே மூடும் அளவுக்குப் பெரிய கண்ணாடித் தகட்டை எளிதாக வாங்கலாம். உருக்கிய வெள்ளீயத்தின் மீது கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுச் சமமான தகடாக்கும் முறை, பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனத்தால் 1959ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. ஆனால், 800 ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறு. அக்காலக் கைவினைஞர்களால் சிறிய கண்ணாடித் துண்டுகளை மட்டுமே செய்ய முடிந்தது. அவற்றை ஒன்றிணைத்துப் பெரிய சன்னலாக்க ஒரு பொருள் தேவைப்பட்டது. அதுவே ஈயம்.

ஈயம் மென்மையானது, கையாலேயே வளைக்கலாம். எளிதில் துருப்பிடிக்காது. காற்று அழுத்தும்போதும், வெயிலில் கண்ணாடி விரியும்போதும் ஈயம் சற்று விட்டுக்கொடுக்கும். அதனால் கண்ணாடி உடையாமல் தப்புகிறது. இரும்பைப் போல விறைப்பான பொருளால் துண்டுகளை நேரடியாக இறுக்கியிருந்தால், அவை எளிதில் விரிசல் கண்டிருக்கும். ஈயத்தின் மென்மையே இச்சன்னலின் வலிமையாகும்.

பாரிசு நகரின் அருகிலுள்ள சான் தெனி ஆலயத்தில், 1144ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பகுதியில் இத்தகைய சன்னல்கள் பெரிய அளவில் அமைந்தன. பிரான்சின் சார்த்தர் பேராலயத்தில் 12, 13ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சன்னல்கள் பல இன்றும் உள்ளன. 1939ஆம் ஆண்டு போர் மூண்டபோது, அவற்றைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பாதுகாப்பான இடங்களில் வைத்தனர். போர் முடிந்தபின் மீண்டும் பொருத்தினர். கழற்றவும் பழுதுபார்க்கவும் ஏற்றதாக இருந்ததால்தான் அக்கலை இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்தது.

சன்னல் உருவாகும் விதம்

முதலில், சன்னலின் உண்மையான அளவிலேயே ஒரு தாளில் படம் வரையப்படும். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் இடப்படும். பிறகு, வண்ணக் கண்ணாடியை அப்படத்தின் மீது வைத்து, வெட்டும் கருவியால் கீறி, கீறிய வழியே முறிப்பர்.

இக்கண்ணாடியின் வண்ணம் மேலே பூசப்பட்டதன்று, கண்ணாடியோடு கலந்தது. உருக்கும்போதே உலோகப் பொருள்களைச் சேர்ப்பதால் அது நிறம் பெறுகிறது. கோபால்ட்டு நீலத்தையும், மாங்கனீசு ஊதாவையும், இரும்பு பச்சையையும் தரும். மிகச் சிறிதளவு தங்கம் சேர்த்தால் செந்நிறம் கிடைக்கும். ஆகவே, பல ஆண்டுகள் வெயில் பட்டாலும் இந்நிறம் எளிதில் மங்குவதில்லை.

அடுத்து, ஈயப் பட்டைகள். பட்டையை வெட்டிப் பார்த்தால், ஆங்கில எழுத்தான ‘எச்’ வடிவில் இருபுறமும் பள்ளம் தெரியும். ஒரு பள்ளத்தில் ஒரு துண்டும், மறு பள்ளத்தில் அடுத்த துண்டும் செருகப்படும். பட்டைகள் சந்திக்கும் இடங்களைப் பற்றாசு கொண்டு ஒட்டுவர். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்றாசோ 200 பாகைக்கும் குறைவான வெப்பத்திலேயே உருகிவிடும். இந்த வேறுபாட்டால்தான் பட்டை உருகாமல் மூட்டு மட்டும் ஒட்டுகிறது. எனினும், கை சற்றுத் தாமதித்தால் பட்டையும் உருகிவிடும். எனவே, இதற்குப் பயிற்சி தேவை.

இறுதியாக, ஆளிவிதை எண்ணெயும் சுண்ணத் தூளும் கலந்த புட்டியைப் பள்ளங்களில் தேய்த்து அடைப்பர். புட்டி இறுகியதும் சன்னல் ஆடாமல் நிற்கும்; மழைநீரும் எளிதில் உட்புகாது. பெரிய சன்னலாயின், பின்புறம் குறுக்குக் கம்பிகளை வைத்து, செம்புக் கம்பியால் கட்டித் தாங்கு கொடுப்பர்.

நமக்குப் புதியதா?

இக்கலை நம் நாட்டிற்கு முற்றிலும் புதியதன்று. கிள்ளானில் 1928ஆம் ஆண்டு கட்டப்பட்ட லூர்து மாதா ஆலயத்தில் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களைக் காணலாம். பினாங்கு ஜார்ஜ்டவுனில், நீல மாளிகை எனப்படும் சியோங் பாட் சீயின் மாளிகை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. சீனக் கட்டடக்கலையில் அமைந்த அம்மாளிகையில் ஐரோப்பிய பாணி வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும் இடம்பெற்றுள்ளன. அதன் மறுசீரமைப்புப் பணிக்கு 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருது கிடைத்தது.

தமிழர் வீடுகளுக்கும் வண்ணக் கண்ணாடியோடு உறவு உண்டு. மலாயா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளில் வணிகம் செய்த நகரத்தார், காரைக்குடி, கானாடுகாத்தான் முதலிய ஊர்களில் பெரிய வீடுகளைக் கட்டினர். பர்மாத் தேக்கும் ஐரோப்பியக் கண்ணாடியும் கடல் கடந்து அவ்வீடுகளைச் சென்றடைந்தன. அங்கு, கதவுகளுக்கு மேலும் வளைவுகளிலும் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகளை மரச்சட்டங்களுக்குள் பொருத்தியிருப்பதைப் பல இடங்களில் காணலாம். அவ்வமைப்பில் ஈயம் இல்லை. கண்ணாடியைத் தாங்குவது மரம். வெளியிலிருந்து வந்த பொருளைத் தச்சர்கள் தமக்குத் தெரிந்த முறையில் அமைத்துக்கொண்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

எங்குப் பொருத்துவது?

புது வீட்டில் இச்சன்னலைச் சேர்க்க விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டியது இடம். நிலநடுக்கோட்டிற்கு அருகில் வாழும் நமக்குக் கிழக்கு, மேற்குச் சுவர்களில் நேர் வெயில் மிகுதியாகப் படும். கிழக்குச் சன்னலில் காலை ஒளி இதமாக வரும். மேற்குச் சன்னலிலோ பிற்பகல் வெயில் நெடுநேரம் தங்கும். அடர்ந்த நிறக் கண்ணாடி அவ்வெப்பத்தை உறிஞ்சும். அன்றாடம் சூடேறிக் குளிர்வதால் ஈயம் நாளடைவில் தளர்ந்து, சன்னல் புடைக்கலாம்.

இரண்டாவது, காற்றும் மழையும். தீபகற்பத்தின் மேற்குக் கரையில், மலாக்கா நீரிணையிலிருந்து ‘சுமத்ரா’ எனப்படும் புயற்காற்று சில மாதங்களில் விடியற்பொழுதில் வீசும். பலத்த மழையும் உடன் வரும். கடலோரத்தை ஒட்டிய தெலுக் பங்லிமா காராங் போன்ற ஊர்களில், வெளிச்சுவரில் பாதுகாப்பின்றி நிற்கும் ஈயச் சன்னலுக்கு இது கடும் சோதனை.

மூன்றாவது, காற்றோட்டம். நம் வீடுகளில் சன்னலின் முதற்பணி காற்றை உள்ளே விடுவது. திறந்து மூடும் சன்னல் அடிக்கடி அதிரும். அவ்வதிர்ச்சி ஈய மூட்டுகளுக்கு நல்லதன்று. எனவே, மாடிப்படித் திருப்பம், வாசற்கதவின் மேற்பகுதி, பூசையறைக் கதவின் மேற்பாதி போன்ற இடங்களே ஏற்றவை.

மூன்று வழிகள்

புது வீட்டிற்குப் பொதுவாக மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, சாதாரணக் கண்ணாடியின் மீது ஈயப் பட்டையையும் வண்ணப் படலத்தையும் ஒட்டுவது. செலவு குறைவு, வேலை எளிது. ஆனால், படலம் வெயிலில் வெளிறக்கூடும். பசை விட்டுப்போகவும் கூடும்.

இரண்டாவது, மரபு முறையில் செய்த சன்னலை இரு பாதுகாப்புக் கண்ணாடிகளுக்கிடையே வைத்து மூடுவது. மழையும் தூசியும் அதைத் தீண்டா. ஆயினும், விளிம்பின் அடைப்பில் சிறு ஓட்டை ஏற்பட்டாலும் உள்ளே ஈரம் தேங்கும். பிறகு பழுதுபார்ப்பது கடினம்.

மூன்றாவது, வீட்டுடன் வந்த அலுமினியச் சன்னலை அப்படியே விட்டுவிட்டு, அதன் உட்புறத்தில் மரச்சட்டமிட்ட ஈயச் சன்னலைச் சற்று இடைவெளியுடன் பொருத்துவது. பழைய தேவாலயங்கள் சிலவற்றில் இக்கொள்கையையே பின்பற்றி, வெளிப்புறத்தில் ஒரு காப்புக் கண்ணாடியை அமைத்துள்ளனர். மழையையும் காற்றையும் வெளிக்கண்ணாடி தாங்கும். இடைவெளியில் காற்று உலவுவதால் ஈரம் தேங்காது. வேண்டும்போது கழற்றலாம், வீடு மாறினால் உடன் எடுத்தும் செல்லலாம்.

இம்மூன்றாம் வழியில் மற்றொரு நன்மையும் உண்டு. மலேசியாவில் மேம்பாட்டாளரிடமிருந்து வாங்கும் புது வீட்டிற்கு, வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 24 மாதங்களுக்குக் குறைபாடு நீக்கும் பொறுப்புக் காலம் உண்டு. அக்காலத்திற்குள் உரிமையாளர் சன்னலைப் பெயர்த்து மாற்றி, பின்னர் அங்கு நீர் கசிந்தால், அக்குறைக்கு யார் பொறுப்பு என்னும் சிக்கல் எழலாம். சுவரை இடித்துச் சன்னலைப் பெரிதாக்க விரும்பினால், முன்கூட்டியே ஊராட்சி மன்றத்தின் அனுமதியையும் பெற வேண்டும்.

அழகோடு கவனமும்

ஈயம் நச்சுத்தன்மை உடையது. உடலில் சேரும் ஈயத்திற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. சிறுவர்களின் மூளை வளர்ச்சியை அது பெரிதும் பாதிக்கும். ஆகவே, இச்சன்னலைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைப்பதே முறை. பட்டைகளில் வெண்பொடி படிந்திருந்தால் உலர்ந்த துணியால் தட்டக்கூடாது. ஈரத்துணியால் மெல்லத் துடைத்து, பின்னர்க் கைகளைக் கழுவ வேண்டும். பற்றாசு வேலையைப் பயிற்சி பெற்றவரே காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும்.

கண்ணாடியும் ஆபத்தானதே. பழைய முறைக் கண்ணாடி உடைந்தால் கூரிய துண்டுகளாகச் சிதறும். கதவின் கீழ்ப்பாதியில் சிறுவர் மோதக்கூடும் என்பதால், அங்குப் பாதுகாப்புக் கண்ணாடியையே பயன்படுத்த வேண்டும்.

இவ்வாறு இடமறிந்து பொருத்தினால் இச்சன்னல் தலைமுறைகள் கடந்தும் நிற்கும். ஒரு துண்டு உடைந்தால், அதைச் சுற்றியுள்ள ஈயத்தை மட்டும் மெல்ல விரித்து, புதிய துண்டைச் செருகி, மீண்டும் மடக்கிவிடலாம். ஆனால், அதைச் செய்யத் தெரிந்த கை வேண்டும். ஒட்டுப் படலங்களே போதும் என்று எல்லாரும் முடிவு செய்தால், அக்கைகளுக்கு வேலை இராது. வேலை இல்லாத கைத்தொழிலைக் கற்க யாரும் முன்வரமாட்டார். ஒரு புது வீட்டில் ஓர் உண்மையான ஈயச் சன்னல் இடம்பெறும்போது, அதைச் செய்பவருக்கும் அவரிடம் கற்பவருக்கும் தொழில் தொடர்கிறது.

அருஞ்சொற்பொருள்

பற்றாசு – உலோகத் துண்டுகளை உருக்கி ஒட்ட உதவும் கலவை உலோகம்
படலம் – மெல்லிய ஏடு
விறைப்பு – வளையாத தன்மை
மறுசீரமைப்பு – பழுதானதை முன்போல் செம்மைப்படுத்துதல்

கருத்துணர் கேள்விகள்

1. ‘ஈயத்தின் மென்மையே இச்சன்னலின் வலிமையாகும்’ என்னும் கூற்றை விளக்குக.
2. நகரத்தார் வீடுகளின் வண்ணக் கண்ணாடி அமைப்பு, ஐரோப்பிய முறையிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
3. பிற்பகல் வெயில் படும் மேற்குச் சுவரில் ஈயச் சன்னல் பொருத்துவது ஏன் ஏற்றதன்று?
4. மூன்று வழிகளுள் உன் வீட்டிற்கு ஏற்ற வழி எது? இரு காரணங்களுடன் எழுதுக.
5. கைத்தொழில் ஒன்று அழியாமல் இருக்க அதை வாங்குவோரின் பங்கு யாது? உனக்குத் தெரிந்த வேறொரு கைத்தொழிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு கலந்துரையாடுக.