திருச்சி வானில் இரண்டரை மணி நேரம்

பெருங்குடியில் வாழும் நமக்கு விமானச் சத்தம் புதிதல்ல. மீனம்பாக்கம் அருகிலேயே இருப்பதால் அண்ணாந்து பார்க்கவும் மறந்துவிடுகிறோம். ஆனால் 2024 அக்டோபர் 11, சரசுவதி பூசை விடுமுறை நாளன்று, திருச்சியில் பலர் அண்ணாந்தபடியே நின்றனர். மாலை 5.40 மணியளவில் சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், போக வேண்டிய திசையை விட்டு ஒரே வட்டாரத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. அதில் 140க்கும் மேற்பட்ட பயணிகள் இருந்தனர். ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு என்ற செய்தி சிறிது நேரத்தில் ஊரெங்கும் பரவியது.

ஹைட்ராலிக் என்பது என்ன? மருத்துவர் ஊசி போடும் சிரிஞ்சுகள் இரண்டை ஒரு குழாயால் இணைத்து, நீர் நிரப்பி, ஒன்றை அழுத்திப் பாருங்கள், மற்றது எழும்பும். பாஸ்கல் விதி என்று வகுப்பில் படிப்பது இதுவே. விமானத்தில் நீருக்குப் பதில் ஒருவகை எண்ணெய். அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 3,000 பவுண்டு. இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பலகைகளைத் திருப்புவதும், சக்கரங்களை மடக்குவதும், பிரேக் பிடிப்பதும் இந்த அழுத்தமே. அது குறைந்தால் விமானியின் கைகள் தளர்ந்தது போலத்தான்.

அன்று பறந்தது போயிங் 737. அதில் ஏ, பி என இரண்டு தனித்தனி ஹைட்ராலிக் அமைப்புகளும், உதவிக்கு மூன்றாவது ஒன்றும் உண்டு. ஒன்று போனாலும் மற்றது பலகைகளைத் திருப்பும். இரண்டும் போனாலுங்கூட, பிடியிலிருந்து செல்லும் கம்பிகளைக் கொண்டு விமானிகள் தம் உடல் பலத்தாலேயே முக்கியப் பலகைகளை அசைக்கலாம், கைதான் கடுத்துப்போகும். சக்கரங்களுக்கும் வழியுண்டு. விமானிகள் அறையின் தரையில் ஒரு மூடியின் கீழ் உள்ள கைப்பிடிகளை இழுத்தால், அவை தம் எடையாலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும்.

அப்படியானால் உடனே இறங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தடை எடைதான். இவ்வகை விமானம் சுமார் 79 டன் வரை எடையுடன் கிளம்பலாம். ஆனால் இறங்கும்போது சுமார் 66 டன்னுக்குமேல் இருக்கலாகாது. எரிபொருளை வானில் கொட்டும் வசதி 737இல் இல்லை. மணிக்குச் சுமார் இரண்டரை டன் வீதம் எரித்தே தீர்க்க வேண்டும். கீழே நின்றவர்களுக்குத் தவிப்பாகத் தோன்றிய அந்த வட்டங்கள், மேலே கணக்கிட்டுச் செய்த வேலை.

அந்நேரத்தில் விமானிகளுக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் பற, பிறகு வழியைப் பார், அதன் பின்னரே பேசு. ஒருவர் விமானத்தை மட்டும் ஓட்டுவார். மற்றவர் சரிபார்ப்புப் பட்டியலை உரக்கப் படித்து ஒவ்வொன்றாக முடிப்பார். முக்கியமான விசையைத் தொடுமுன் இருவரும் ஒப்ப வேண்டும். தலைமை விமானி சொன்னதே வேதம் என்றிருந்த காலமும் இருந்தது. உடனிருப்போர் தயங்காமல் பேசவேண்டும் என்ற பயிற்சி பல விபத்துகளுக்குப் பின்னரே வந்தது.

அதன் பயனை 1989 ஜூலை 19இல் உலகம் கண்டது. அமெரிக்காவில் ஒரு டிசி-10 விமானத்தின் வால் எஞ்சின் சிதறி, மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் அறுந்தன. பிடி வெறும் கட்டையாயிற்று. தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸ், பயணியாக வந்த டென்னி பிட்ச் என்னும் பயிற்சியாளரை உள்ளே அழைத்தார். பிட்ச் மண்டியிட்டு, மீதமிருந்த இரு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்துமே விமானத்தைத் திருப்பினார். சூ சிட்டி ஓடுபாதையில் அது உடைந்து எரிந்தது. 112 பேர் மாண்டனர். ஆயினும் 184 பேர் பிழைத்தனர். பிறர் கையை நாட ஹெய்ன்ஸ் வெட்கப்பட்டிருந்தால் அந்த 184 பேர் ஏது?

திருச்சியில் நிலைமை அவ்வளவு முற்றவில்லை. ஆயினும் தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் ஓடுபாதையருகே வரிசையாக நின்றன. துணை விமானியின் இருக்கையில் அன்று இருந்தவர் ஒரு பெண் என்பதையும் நம் மாணவியர் அறியவேண்டும். இரவு 8.15 மணியளவில் சக்கரங்கள் சரியாக இறங்க, விமானம் வழக்கம்போல் தரையைத் தொட்டு ஓடி நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. காத்திருந்த வண்டிகள் வந்தபடியே திரும்பிச் சென்றன.