பெங்களூரில் எறும்பு வளர்ப்பு: நெருப்பெறும்பை விலக்கி, கட்டெறும்பை வளர்ப்போம்

பெங்களூர்ப் புல்தரைகளில் சுருக்கென்று கொட்டும் சிவப்பெறும்பை நம்மூர் எறும்பென்றே பலர் நினைக்கிறோம். அது சோலெனாப்சிஸ் ஜெமினேட்டா எனும் நெருப்பெறும்பு. பூர்விகம் வெப்பமண்டல அமெரிக்கா. 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து மணிலாவுக்குப் போன ஸ்பானியக் கப்பல்கள் வழியே பரவத் தொடங்கியதாக மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. இப்படி வந்து பரவிய எறும்பை வீட்டில் பெருக்க வேண்டாம். இந்த மண்ணுக்கே உரிய கட்டெறும்பை வளர்ப்போம்.

1. இனம் காணுங்கள்

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் போதும். நெருப்பெறும்பின் இடுப்பில் இரண்டு கணு இருக்கும். உணர்கொம்பில் பத்துக் கணுக்கள்; கடைசி இரண்டும் தடித்திருக்கும். முதுகில் முள் கிடையாது. ஒரே புற்றில் சிறிதும் பெரிதுமாக வேலைக்கார எறும்புகள் திரியும். பெரியவற்றின் தலை சதுரமாக, உச்சியில் பிளந்திருக்கும். பெரிய தலையுள்ள ஃபெய்டோல் எறும்போடு குழப்பிக்கொள்ளாதீர்கள்: அதன் உணர்கொம்பில் கடைசி மூன்று கணுக்கள் தடித்திருக்கும், முதுகில் இரண்டு முட்கள் உண்டு. கட்டெறும்பு பெரியது, கறுப்பு. இடுப்பில் ஒரே கணு. கடிக்கும், ஆனால் கொடுக்கு கிடையாது.

நெருப்பெறும்பு கொட்டி மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

2. ராணியைத் தேடுங்கள்

மழை விட்டபின் சுவரோரம், விளக்கடியில் பாருங்கள். பருத்த மார்பும், சிறகு உதிர்ந்த தழும்பும் கொண்டு தனியாகத் தரையில் ஓடும் பெரிய எறும்பே ராணி. புற்றைத் தோண்டி எடுக்காதீர்கள். பன்னேர்கட்டா தேசியப் பூங்காவிலும் லால்பாகிலும் எடுக்கவே வேண்டாம்.

3. குழாயில் குடியமர்த்துங்கள்

சோதனைக் குழாயில் மூன்றிலொரு பங்கு தண்ணீர் ஊற்றிப் பஞ்சால் இறுக்கமாக அடையுங்கள். மறுபக்கம் ராணியை விட்டு, வாயைத் தளர்வாகப் பஞ்சால் மூடுங்கள். கறுப்புத் தாள் சுற்றி, வெயில் படாத, அதிர்வில்லாத அலமாரியில் வையுங்கள்.

4. காத்திருங்கள்

ராணிக்கு இப்போது தீனி வேண்டாம். இனி தேவைப்படாத பறக்கும் தசைகளைக் கரைத்தே முதல் குஞ்சுகளை வளர்த்துவிடும். வாரம் ஒருமுறைக்கு மேல் தாளை விலக்கிப் பார்க்காதீர்கள். அடிக்கடி கலைத்தால் தன் முட்டைகளையே தின்றுவிடும். முதல் வேலைக்காரிகள் வர ஒன்றரை, இரண்டு மாதம்கூட ஆகலாம். பெங்களூரின் மிதமான வெப்பத்துக்குத் தனி சூடேற்றி தேவையில்லை.

5. தீனி கொடுங்கள்

வேலைக்காரிகள் வந்தபின் குண்டூசித் தலையளவு சர்க்கரைத் தண்ணீரும், கொன்ற ஈ ஒன்றின் துண்டும் போதும். மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள், பூஞ்சை பிடிக்காது. வீட்டில் எறும்புச் சாக்பீஸ், கொசு மருந்து இரண்டையும் தள்ளியே வையுங்கள்.

6. தப்பவிடாதீர்கள்

கூட்டம் பெருகினால் குழாயை ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு இணையுங்கள். டால்கம் பவுடரைச் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் குழைத்து டப்பாவின் மேல்விளிம்பில் பூசி உலரவிட்டால் எறும்பு ஏறாது, வழுக்கி விழும்.

7. எடுத்த இடத்திலேயே விடுங்கள்

எடுத்த நாளையும் இடத்தையும் குழாயின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். வளர்க்க முடியாதபோது அதே இடத்தில் கொண்டுபோய் விட அந்தக் குறிப்பு வேண்டும். நண்பர் கேட்டாலும் வேறு ஊருக்குக் கூரியரில் அனுப்பாதீர்கள். அவர் ஊர் மழையில் அவருக்கான ராணி இறங்கும்.