சிறைக்குள் ஒரு பல்கலைக்கழகம்

பல்கலைக்கழகம் என்றால் என்ன? பெரிய கட்டடம் இருக்கும். பேராசிரியர்கள் இருப்பார்கள். மாணவர்கள் கட்டணம் கட்டிப் படிப்பார்கள். தேர்வு எழுதுவார்கள். பட்டம் வாங்குவார்கள்.

நம் அந்தமானில் வேறு விதமான ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே கட்டணம் கிடையாது. தேர்வு கிடையாது. பட்டமும் கிடையாது. அறைகளுக்கு இரும்புக் கதவு இருந்தது. வெளியே காவலர் நின்றார். மாணவர்களே ஆசிரியர்களாகவும் இருந்தார்கள்.

அங்கே படித்த ஒருவர் பின்னாளில் அமைச்சர் ஆனார். ஒருவர் நாடாளுமன்றத்துக்குப் போனார். ஒருவர் பெரிய மாநகராட்சியில் உயர் அதிகாரி ஆனார். ஒருவர் வரலாற்று ஆவணங்களைத் தேடித் தொகுத்தார்.

அது எந்த இடம் தெரியுமா? நாம் எல்லோரும் அறிந்த செல்லுலார் சிறைதான்.

ஏழு கைகள் கொண்ட சிறை

செல்லுலார் சிறையைக் கட்டும் வேலை 1896ஆம் ஆண்டு தொடங்கியது. 1906ஆம் ஆண்டு முடிந்தது. நடுவில் ஒரு கோபுரம். கோபுரத்தைச் சுற்றி ஏழு கட்டடங்கள். ஒவ்வொன்றும் மூன்று மாடி. உள்ளே சுமார் 690 தனி அறைகள். ஓர் அறையின் நீளம் பதின்மூன்றரை அடி. அகலம் ஏழரை அடி. ஓர் அறையில் ஒரே ஓர் ஆள். பக்கத்து அறையில் இருப்பவரின் முகம் கூடத் தெரியாது. ஆளோடு ஆள் பேசக் கூடாது என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள்.

தொடக்கத்தில் இங்கு வந்த விடுதலைப் போராட்ட வீரர்கள் செக்கு இழுத்தார்கள். ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் எடுக்க வேண்டும். தேங்காய் நார் உரித்துக் கயிறு திரிக்க வேண்டும். வேலை குறைந்தால் தண்டனை. கோவைச் சிறையில் வ.உ.சிதம்பரனார் செக்கு இழுத்த கதை நமக்குத் தெரியும். அதே கொடுமைதான் இங்கும் நடந்தது.

1921ஆம் ஆண்டு வாக்கில் அரசியல் கைதிகளைத் தாய்நாட்டுச் சிறைகளுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் 1932ஆம் ஆண்டு மீண்டும் கப்பல் கப்பலாகக் கைதிகள் வந்தார்கள். பலர் வங்காளத்து இளைஞர்கள். பகத்சிங்கின் தோழர்களும் வந்தார்கள்.

விளக்கும் புத்தகமும் வேண்டும்

அப்போது சிறை எப்படி இருந்தது? சோறு வாயில் வைக்க முடியாது. படுக்கப் படுக்கை இல்லை. இருட்டினால் அறையில் விளக்கு இல்லை. படிக்க வழி இல்லை.

கைதிகள் கோரிக்கை வைத்தார்கள். நல்ல உணவு கொடு. குளிக்கச் சோப்பு கொடு. படுக்கை கொடு. படிக்க அனுமதி கொடு. எங்களை ஒருவரோடு ஒருவர் பேச விடு.

அதிகாரிகள் மறுத்தார்கள். 1933ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் தேதி கைதிகள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள்.

உண்ணாவிரதத்தை முறிக்க அதிகாரிகள் என்ன செய்தார்கள்? கைதிகளைப் பலர் சேர்ந்து அழுத்திப் பிடித்தார்கள். மூக்கு வழியாகக் குழாயைச் செருகினார்கள். குழாயில் பாலை ஊற்றினார்கள். மகாவீர் சிங் என்ற வீரருக்குப் பால் நுரையீரலுக்குள் போய்விட்டது. மே 17ஆம் தேதி அவர் இறந்தார். அதே மாதத்தில் மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய இருவரும் இறந்தார்கள். மூவரின் சிலைகளும் இன்று சிறைக்கு எதிரே உள்ள பூங்காவில் இருக்கின்றன.

மூன்று உயிர் போன பிறகும் மற்றவர்கள் பின்வாங்கவில்லை. 46ஆம் நாள் அரசு இறங்கி வந்தது. அறைகளுக்கு விளக்கு வந்தது. புத்தகமும் செய்தித்தாளும் வந்தன. கூடிப் பேசவும் அனுமதி கிடைத்தது.

நண்பர்களே, ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அவர்கள் கேட்டவற்றில் புத்தகமும் இருந்தது. படிக்கும் உரிமைக்காகவும் அவர்கள் பட்டினி கிடந்தார்கள்.

வகுப்புகள் தொடங்கின

கைதிகள் தங்களிடம் இருந்த புத்தகங்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். பொது நூலகம் வைத்தார்கள். பாடங்களைப் பிரித்துக்கொண்டார்கள். வரலாறு, பொருளாதாரம், அரசியல், விஞ்ஞானம் எல்லாம் படித்தார்கள்.

யார் பாடம் நடத்தியது? தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுத்தார். கைதிகளில் கல்லூரி மாணவர்கள் இருந்தார்கள். நாராயண் ராய் என்ற கல்கத்தா மருத்துவர் இருந்தார். பள்ளிப் படிப்பை முடிக்காத சிறுவர்களும் இருந்தார்கள். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள். படித்ததைப் பற்றி விவாதித்தார்கள். கையால் எழுதிப் பத்திரிகை நடத்தினார்கள்.

முன்பு இவர்களில் பலர் துப்பாக்கியையும் குண்டையும் நம்பியவர்கள். படிக்கப் படிக்க அவர்களுக்கு வேறு கேள்விகள் வந்தன. நாடு ஏன் அடிமை ஆனது? உழவன் ஏன் ஏழையாக இருக்கிறான்? சில அதிகாரிகளைக் கொன்றால் இது மாறுமா? மக்களைத் திரட்ட வேண்டாமா? இப்படிப் பேசிப் பேசி அவர்களில் பலர் தங்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள். மக்களிடையே வேலை செய்வது என்று முடிவு செய்தார்கள்.

1937ஆம் ஆண்டு மீண்டும் ஒரு பெரிய உண்ணாவிரதம் நடந்தது. தங்களைத் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கேட்டார்கள். காந்தியடிகளும் கவி தாகூரும் கவலைப்பட்டு உண்ணாவிரதத்தைக் கைவிடச் சொல்லித் தந்தி அடித்தார்கள். கைதிகளைக் கப்பலில் திருப்பி அனுப்பினார்கள். 1938ஆம் ஆண்டு ஜனவரியில் கடைசிக் குழுவும் கிளம்பியது. பல்கலைக்கழகம் மூடியது.

படித்தவர்கள் என்ன ஆனார்கள்?

ஹரேகிருஷ்ண கோனார்: கைதானபோது இவருக்கு வயது 17. அந்தமான் சிறையில் படித்தார். 1938இல் விடுதலை ஆனார். பிறகு வாழ்நாள் முழுதும் உழவர்களிடையே வேலை செய்தார். 1967இலும் 1969இலும் மேற்கு வங்காளத்தில் நிலத் துறை அமைச்சர் ஆனார். சட்டம் அனுமதித்த அளவுக்கு மேல் பெரிய நிலக்காரர்கள் வைத்திருந்த நிலம் கண்டுபிடிக்கப்பட்டது. பல நிலங்கள் பொய்ப் பெயரில் இருந்தன. அவை மீட்கப்பட்டு நிலமற்றவர்களுக்குக் கிடைத்தன. உழவன் ஏன் ஏழை என்று சிறையில் கேட்ட கேள்விக்கு அமைச்சராக இருந்து விடை தேடினார்.

கணேஷ் கோஷ்: 1930இல் சிட்டகாங் ஆயுதக் கிடங்கைத் தாக்கியவர்களில் ஒருவர். 1946இல்தான் விடுதலை ஆனார். மேற்கு வங்காளச் சட்டமன்றத்துக்கு மூன்று முறை வென்றார். 1967இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார்.

லோகநாத் பல்: இவரும் சிட்டகாங் வீரர். விடுதலைக்குப் பிறகு கல்கத்தா மாநகராட்சியில் துணை ஆணையர் ஆனார். 1964இல் இறக்கும் வரை அந்தப் பணியில் இருந்தார்.

சுபோத் ராய்: சிட்டகாங் தாக்குதலில் சேர்ந்தபோது வயது 14. பள்ளியில் படிக்கும் சிறுவன். 1934இல் அந்தமானுக்கு வந்தார். பின்னாளில் டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய காகிதங்களைத் தேடினார். இந்தியப் பொதுவுடைமை இயக்கம் பற்றிய ஆவணங்களைப் புத்தகங்களாகத் தொகுத்தார். ஆராய்ச்சி செய்பவர்கள் இன்றும் அவற்றைப் பார்க்கிறார்கள்.

சிவ வர்மா: பகத்சிங்கின் தோழர். பத்திரிகை ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் வாழ்ந்தார். பகத்சிங் எழுதியவற்றைத் தொகுத்து வெளியிட்டார்.

மருத்துவர் நாராயண் ராயும் மேற்கு வங்காளச் சட்டமன்ற உறுப்பினர் ஆனார்.

எல்லோருக்கும் பதவி கிடைக்கவில்லை. பகத்சிங்கோடு சேர்ந்து டெல்லி சட்டசபையில் குண்டு வீசிய பதுகேஷ்வர் தத்தும் இந்தச் சிறையில் இருந்தவர்தான். சுதந்திரம் வந்த பிறகு அவர் வறுமையில் வாழ்ந்தார். நோயுற்று 1965இல் டெல்லியில் இறந்தார். படித்தால் பதவி நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இவர்கள் எந்த வேலைக்குப் போனாலும், சிறையில் கற்ற பழக்கம் கூடவே போனது. படிப்பது, கேட்பது, கூடிப் பேசுவது, எழுதி வைப்பது. அதுதான் அந்தப் பழக்கம்.

இன்னொரு தீவு

தென்னாப்பிரிக்காவில் ராபன் தீவு என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கும் ஒரு சிறை. கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய நெல்சன் மண்டேலாவை 1964 முதல் 1982 வரை அங்கே அடைத்து வைத்தார்கள். பகலில் சுண்ணாம்புக் கல் உடைக்கும் வேலை. கல் உடைத்துக்கொண்டே கைதிகள் ஒருவருக்கொருவர் பாடம் சொன்னார்கள். அந்தச் சிறையையும் பல்கலைக்கழகம் என்றே சொன்னார்கள்.

அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் தபால் மூலம் பாடம் நடத்தியது. மண்டேலாவோடு இருந்த அகமது கத்ராடா இந்திய வம்சாவளியினர். சிறையில் இருந்துகொண்டே தபால் மூலம் நான்கு பட்டங்கள் பெற்றார். மண்டேலா 1989இல், கைதியாக இருந்தபோதே, சட்டப் பட்டம் பெற்றார். 1994இல் மண்டேலா நாட்டின் குடியரசுத் தலைவர் ஆனார். கத்ராடா நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார்.

இன்று நமக்கு என்ன வழி?

வீட்டிலிருந்தே படிக்கும் வசதி இன்று நம் நாட்டிலும் இருக்கிறது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. வேலை பார்த்துக்கொண்டே, குடும்பத்தைக் கவனித்துக்கொண்டே பட்டம் படிக்கலாம். 1994இல் டெல்லி திகார் சிறைக்குள்ளும் அதன் படிப்பு மையம் தொடங்கியது. நம் தீவுகளிலும் அதற்கு மண்டல மையம் இருக்கிறது. போர்ட் பிளேரில், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்ற நம் தலைநகரில், அது உள்ளது.

"நான் இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். பட்டத்துக்கு எங்கே போவது?" என்று கேட்கலாம். அதற்கும் படிகள் உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி 1989இல் தொடங்கியது. பள்ளிக்கே போகாத பெரியவர்கள் அதில் மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்புக்குச் சமமான படிப்பைப் படிக்கலாம். பிறகு பத்தாம் வகுப்பு. பிறகு பன்னிரண்டாம் வகுப்பு. அதன் பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். வயது கூடிவிட்டது என்று யாரும் தடுக்க மாட்டார்கள். கட்டணம் எவ்வளவு, எந்த மொழியில் பாடம், எங்கே தேர்வு என்று சேரும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பட்டம் வேண்டாம், படித்தால் போதும் என்பவர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கலாம். மாலையில் ஒரு வீட்டுத் திண்ணை போதும். ஒருவர் படிக்கட்டும். மற்றவர்கள் கேட்கட்டும். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லட்டும். செல்லுலார் சிறையில் அப்படித்தான் தொடங்கினார்கள். அவர்கள் விளக்குக்காக 46 நாள் பட்டினி கிடக்க வேண்டியிருந்தது. நம் வீட்டில் விளக்கு இருக்கிறது.

பேசுவோம்

1. கைதிகள் எதற்காக உண்ணாவிரதம் இருந்தார்கள்?
2. சிறையில் படித்தது ஹரேகிருஷ்ண கோனாருக்கு எப்படிப் பயன்பட்டது?
3. உங்களுக்குத் தெரிந்த எந்த வேலையை மற்றவருக்குச் சொல்லிக் கொடுக்க முடியும்?

செய்து பார்ப்போம்

1. சுண்ணாம்புக் கட்டியால் தரையில் பதின்மூன்றரை அடி நீளம், ஏழரை அடி அகலம் கோடு போடுங்கள். அதற்குள் நின்று பாருங்கள். அதுதான் ஓர் அறை.
2. மே 12ஆம் தேதியிலிருந்து 46 நாள் எண்ணுங்கள். உண்ணாவிரதம் எந்தத் தேதியில் முடிந்தது? (விடை: ஜூன் 26)
3. இந்தப் பாடத்தைப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.