தெரிந்த குற்றவாளி, கிடைக்காத சாட்சி

அன்புள்ள நண்பருக்கு,

‘பிரைம் சஸ்பெக்ட்’ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரின் முதல் கதையின் இரண்டு பாகங்களையும் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து பார்த்துவிட்டு நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. உங்களுக்கு ஒரு கருத்து, உங்கள் துணைவியாருக்கு ஒன்று, மகளுக்கு வேறொன்று என்று மூன்றையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இதை உங்களுக்கு மட்டும் எழுதாமல் எல்லா வாசகர்களும் படிக்கும்படி எழுதுகிறேன். பல வீடுகளில் இதே பேச்சு நடந்திருக்கும்.

உங்கள் முதல் மனக்குறை இது: “கொலைகாரன் ஜார்ஜ் மார்லோதான் என்று ஆரம்பத்திலேயே காட்டிவிட்டார்கள். கடைசிவரை வேறு ஆள் வரவே இல்லை. இதற்கு எதற்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம்?” துப்பறியும் கதை என்றாலே ஆளைக் கண்டுபிடிப்பது என்று பழகிய நமக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். லிண்டா லா பிளான்ட் எழுதியது அந்த வகைக் கதையே அல்ல. யார் செய்தது என்று காவல் நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். நீதிமன்றத்தில் நிற்கிற மாதிரி ஒரு சான்று வேண்டும். அது எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, அவர்கள் யாரிடம் வாய் திறப்பார்கள் என்பதுதான் கதை.

இதற்கு அந்த நாட்டுச் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 1984-ல் வந்த காவல்துறை மற்றும் குற்றச் சான்றுச் சட்டத்தின்படி, குற்றம் சாட்டாமல் ஒருவரை 24 மணி நேரம்தான் பிடித்துவைக்கலாம். கடுமையான குற்றம் என்றால் காவல் கண்காணிப்பாளர் 36 மணி நேரம்வரை நீட்டிக்கலாம். அதற்கு மேல் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும், அவர் அனுமதித்தாலும் மொத்தம் 96 மணி நேரத்தோடு சரி. அந்தக் காலத்தில் விசாரணை முழுவதும் ஒலிநாடாவில் பதிவானது. விசாரணை அறைக் காட்சிகளில் பதிவுக் கருவி நீளமாக ஒலித்து ஓய்ந்த பிறகே பேச்சு தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த ஒலி ஓய்ந்த பிறகு அடி உதை, மிரட்டல் எதுவும் செல்லாது. நேரம் முடிந்தால் மார்லோவை அனுப்பித்தான் ஆக வேண்டும். கதாநாயகியான காவல் அதிகாரி ஜேன் டெனிசன் பொறுப்பேற்றதும் வழக்குக் கோப்பைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவு சான்று போதாது என்று அவனை வெளியே விடுகிறாரே, அந்த இடத்தில் உங்களுக்குக் கோபம் வந்ததாக எழுதியிருந்தீர்கள். அவருடைய ஆட்களுக்கும் அதே கோபம்தான். நீங்கள் அவர்கள் பக்கம் போய் நிற்க வேண்டும் என்றுதான் அந்தக் காட்சியை வைத்திருக்கிறார்கள்.

“மரபணுச் சோதனையிலேயே ஆள் சிக்கிவிட்டானே” என்றும் கேட்டிருக்கிறீர்கள். லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் மரபணு அடையாள முறையைக் கண்டறிந்தது 1984-ல். அதன் துணையால் பிடிபட்டுக் கொலைக்குற்றத்தில் முதலில் தண்டனை பெற்றவன் கோலின் பிட்ச்ஃபோர்க், 1988-ல். இந்த நாடகம் ஒளிபரப்பானது 1991-ல். அந்தச் சோதனை பொய்யே சொல்லாத சாட்சி என்று ஊரெல்லாம் வியந்துகொண்டிருந்த நேரம் அது. லா பிளான்ட் அப்போதே ஒரு படி மேலே போய் யோசித்திருக்கிறார். மார்லோ எதையும் மறுப்பதில்லை. ஆமாம், அந்தப் பெண்ணோடு இருந்தேன், பணம் கொடுத்தேன், பிறகு இறக்கிவிட்டேன் என்கிறான். சட்டையில் ரத்தப் பொட்டு எப்படி வந்தது? கார் ரேடியோவில் அவள் கை கீறிவிட்டது, கைக்குட்டை கொடுத்தேன் என்கிறான். சோதனைச்சாலை சொல்வது அத்தனையும் உண்மை, அவன் கதையும் அதோடு ஒட்டிப்போகிறது. அவன் அங்கே இருந்தான் என்பதற்குத்தான் அறிவியல் சாட்சி சொல்லும், கொன்றான் என்பதற்குச் சொல்லாது. இதற்குப் பிறகு வந்த எத்தனையோ தொடர்களில் சோதனைச்சாலை அறிக்கை வந்ததும் வழக்கு முடிந்துவிடுகிறது. அவற்றைவிட இது நேர்மையான படைப்பு.

இனி உங்கள் இரண்டாவது குறை. ஆண் அதிகாரிகள் டெனிசனை நடத்துகிற விதம் மிகை என்கிறீர்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். லா பிளான்ட் இந்தப் பாத்திரத்தைக் கற்பனையில் மட்டும் எடுக்கவில்லை. லண்டன் காவல்துறையில் டிடெக்டிவ் சீஃப் இன்ஸ்பெக்டர் பதவிக்கு வந்திருந்த வெகு சில பெண்களில் ஒருவரான ஜாக்கி மால்டனோடு பேசிப் பழகி எழுதினார். பிரிட்டனில் அசிஸ்டன்ட் சீஃப் கான்ஸ்டபிள் பதவிக்கு உயர்ந்த முதல் பெண்ணான மெர்சிசைடின் அலிசன் ஹால்ஃபோர்ட், பெண் என்பதால் பதவி உயர்வு மறுக்கப்படுகிறது என்று தீர்ப்பாயத்துக்குப் போனது 1990-ல். நாடகம் வந்தபோது அந்த வழக்கு முடியவில்லை. பார்த்தவர்களுக்கு இது அன்றாடச் செய்தி.

அப்படியிருந்தும் டெனிசனின் ஆட்களில் ஒருவரான பில் ஆட்லியை லா பிளான்ட் வெறும் வில்லனாக எழுதவில்லை என்பதைக் கவனிக்கச் சொல்வேன். டாம் பெல் நடிப்பில் அந்த ஆள் கசப்பே உருவாக நிற்கிறார். டெனிசனுக்கு முன் இந்த வழக்கை நடத்தி, மாரடைப்பில் இறந்துபோன ஷெஃபர்ட் அவருக்கு அதிகாரி மட்டுமல்ல, உயிர் நண்பர். இறந்து கிடப்பவள் டெல்லா மோர்னே என்று ஷெஃபர்ட் அவசரப்பட்டுச் சொன்னது தவறு, அது கேரன் என்ற வேறு பெண் என்று டெனிசன் கண்டுபிடிக்கும்போது, டெல்லாவோடு ஷெஃபர்டுக்கு இருந்த தொடர்பும் வெளியே வரும் நிலை. நண்பனின் பெயரைக் காப்பாற்ற ஆட்லி ஆதாரத்தை மறைக்கிறார். நட்புதான், ஆனால் அந்த நட்புக்காகக் கொலைகாரன் வெளியே நடமாடுகிறான். ஆட்லிக்கு அது உறைக்கவே இல்லை என்பதுதான் பயங்கரம்.

உங்கள் துணைவியார் சொன்ன கருத்துதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. “மொய்ரா பேசுகிற இடத்தில்தான் கதை முடிந்தது, பிறகு வந்ததெல்லாம் சடங்கு” என்றாராமே. எத்தனை கூர்மை! மொய்ரா மார்லோவோடு வாழ்பவள். அன்று இரவு வீட்டில்தான் இருந்தான் என்று அடித்துச் சொல்பவள். அவளுக்குப் போலீஸ் என்றாலே ஆகாது, டெனிசனைக் கண்டால் இன்னும் ஆகாது. இறந்த பெண்களின் கைகளில் இருந்த தழும்புகளைப் பற்றிக் கேட்கும்போது முகம் மாறுகிறது. அறையில் இருக்கிற ஆணை வெளியே அனுப்பினால்தான் பேசுவேன் என்கிறாள். அவர் போன பிறகு, தன்னையும் ஒருமுறை மார்லோ கட்டிப்போட்டதைச் சொல்கிறாள். மொய்ராவாக நடிக்கும் ஸோயி வானமேக்கர் அந்த இடத்தில் அழுது தீர்ப்பதில்லை. இத்தனை நாளாக யாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிகிறது, அது முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. எதிரே டெனிசனாக நடிக்கும் ஹெலன் மிரன் ஒன்றுமே செய்வதில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார். அந்த நடிப்புக்காகவே நான் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

இதற்கு முன்னால் ஒரு மதுக்கடையில் பாலியல் தொழிலாளிகளோடு டெனிசன் உட்கார்ந்து குடித்துக்கொண்டே பேசுவாரே, அந்த இடமும் இதே கதைதான். அந்தப் பெண்களுக்குத் தெரிந்த தகவல் எப்போதோ தெரிந்ததுதான். வந்து உட்கார்ந்து கேட்கத்தான் ஒருவரும் இல்லை. மற்ற ஊர்களில் துப்புத் துலங்காமல் கிடந்த பழைய கொலைகளும் இப்படித்தான் கிடந்தன. செத்தவள் இன்ன தொழில் செய்தவள் என்றதும் கோப்பை மூடிவைத்துவிட்டார்கள்.

மகள் டெனிசனைச் சுயநலக்காரி என்கிறார். வீட்டில் அவரோடு வாழும் பீட்டர் தன் தொழில் நண்பர்களை விருந்துக்கு அழைத்திருக்க, இவர் நேரம் கழித்து வருகிறார். பீட்டர் பிரிந்துபோகிறார். அந்தத் தீர்ப்பில் பாதி நியாயம் இருக்கிறது. ஊரில் உள்ள பெண்களை எல்லாம் காது கொடுத்துக் கேட்கிறவருக்கு வீட்டில் இருப்பவன் சொல்வது காதில் விழுவதில்லை. நாடகம் அதற்குச் சமாதானம் தேடவும் இல்லை. ஆனால் ஒரு கேள்வியை மகளிடம் கேளுங்கள்: இதே வேலையை ஷெஃபர்ட் செய்து, இதே நேரம் கழித்து வீட்டுக்குப் போயிருந்தால் அவரையும் சுயநலக்காரர் என்றிருப்பாரா?

ஒரு விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். மார்லோவைப் பின்தொடர்ந்து கண்காணிக்கும் பகுதி இரண்டாம் பாகத்தில் இழுக்கிறது, அதில் பத்து நிமிடம் குறைத்திருக்கலாம். அவன் காரை ஒளித்துவைத்திருந்த கராஜ் கிடைக்கிற இடத்திலும் கொஞ்சம் அதிர்ஷ்டம் கலந்திருக்கிறது. முடிவு மொட்டையாக இருக்கிறது என்கிறீர்களே, அதை மட்டும் விட்டுத்தர மாட்டேன். நீதிமன்றத்தில் மார்லோ ‘நான் குற்றவாளி அல்ல’ என்கிறான், படம் முடிகிறது. சான்று தேடுவதே கதை என்றான பிறகு, அந்தச் சான்று நிற்குமா என்ற கேள்வியில் நிறுத்துவதுதான் சரியான முடிவு. அந்தக் கேள்வியை அவர்களும் மறக்கவில்லை. 1995-ல் வந்த நான்காம் தொடரின் மூன்றாவது கதையில், அதே பாணியில் மறுபடி கொலைகள் நடக்க, மார்லோ வழக்கில் டெனிசன் தவறு செய்துவிட்டாரோ என்று அவர் துறையே சந்தேகிக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் இரண்டு பாகங்களையும் ஒரே மாலையில் பார்த்திருக்கிறீர்கள். பிரிட்டனில் இது 1991 ஏப்ரல் 7 ஞாயிறும் 8 திங்களும் என்று இரண்டு நாள் ஒளிபரப்பானது. மார்லோ வெளியே போய்விட்டான் என்ற எரிச்சலோடு ஒரு நாள் முழுக்கக் காத்திருந்துதான் அங்கே மக்கள் மொய்ராவைக் கேட்டார்கள். அந்த நான்காம் தொடரின் கதையைப் பார்ப்பதற்கு முன் இதை இன்னொரு முறை பாருங்கள். இந்த முறை முதல் பாகம் முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, மறுநாள் மிச்சத்தைப் பாருங்கள். அப்போதும் மூன்றரை மணி நேரம் அதிகம் என்று தோன்றினால் தயங்காமல் எழுதுங்கள், பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்