அழுத்தினால் மட்டும் போதாது



ஒருவர் திடீரென விழுந்து, தட்டிக் கூப்பிட்டும் அசைவின்றி, சீரான மூச்சுமின்றிக் கிடந்தால், 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். வாயைத் திறந்து இடையிடையே திணறுவது மூச்சல்ல. இதைப் பலரும் அறிவோம். ஆனால் எப்படி அழுத்துகிறோம் என்பதில்தான் பலன் இருக்கிறது.

மெத்தையில் கிடந்தால் தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். இல்லையேல் நெஞ்சுக்குப் பதில் மெத்தைதான் அமுங்கும். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல் அழுத்துங்கள். பெரியவர்களுக்கு ஆழம் 5 முதல் 6 செ.மீ.; நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை.

பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பின்னும் நெஞ்சு முழுமையாக எழும்ப விட வேண்டும். அப்போதுதான் இதயத்தில் மீண்டும் இரத்தம் நிறையும். கை நெஞ்சைத் தொட்டிருக்கலாம். நம் பாரம் அதில் தங்கக் கூடாது.

களைப்பு நமக்குத் தெரியுமுன்பே ஆழம் குறைந்துவிடும். ஆகவே 2 நிமிடத்திற்கு ஒருமுறை ஆள் மாறுங்கள்; அதற்கு 10 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. விலா எலும்பு முறியுமோ என அஞ்ச வேண்டாம். முறிந்த எலும்பு கூடும். போன உயிர் திரும்பாது.

ஆள் மாற இருவர் வேண்டும். எனவே வீட்டுக்கு இருவராவது முறையாகப் பயிற்சி பெறும்படி கேட்டுக்கொள்கிறோம்.