பொங்கலுக்கு ஊர்ப் பயணம்

பொங்கல் விடுமுறைக்கு வானூர்தியில் மதுரை செல்கிறீர்களா? தேவனஹள்ளியிலுள்ள கெம்பேகௌடா வானூர்தி நிலையம் பெங்களூரின் நடுவிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பெட்டி ஏற்கும் முகப்பு, புறப்பாட்டிற்கு ஒரு மணி நேரம் முன்பே பெரும்பாலும் மூடப்படும். ஹெப்பாள் நெரிசலோ எவருக்காகவும் விலகாது. முனையங்கள் இரண்டு. எம்முனையம் எனப் பயணச்சீட்டில் முதல்நாளே பாருங்கள்.

பாட்டிக்கென அம்மா எடுத்துவைத்தவற்றுள் கொப்பரைத் தேங்காய் உள்ளதா? அதனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். எண்ணெய் மிகுந்த கொப்பரை தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். ஆதலின் பெட்டியில் வைக்கத் தடை உண்டு. (ஆங்கிலத்தார் இதனைக் ‘காப்ரா’ என்பர், ‘கொப்பர’ என்னும் மலையாளச் சொல் போர்த்துகீசியர் வழியே அங்குச் சென்றது.) பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே இருத்தல் வேண்டும், சரக்கறையில் அது புகைந்தால் அணைப்பார் இலர். முறுக்கிற்குத் தடையில்லை.

பயிற்சி: பாட்டிக்கு நீங்கள் கொண்டுசெல்லும் பொருள்களின் பெயர்களைத் தமிழில் எழுதுக.