விண்கல்லில் கண்டது உயிரா, உயிரின் மூலப்பொருளா?

"வேற்றுலகில் உயிர்" என்னும் தலைப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தித்தாள்களில் வந்து போகும். பிள்ளைகள் ஆவலோடு கேட்பார்கள். பெற்றோர் சிலர், இதனால் விசுவாசத்துக்கு இடைஞ்சல் வருமோ என்று கலங்குவர். கலங்கத் தேவையில்லை. பாப்பரசரின் விஞ்ஞானக் கழகமே 2009ஆம் ஆண்டு நவம்பரில் விஞ்ஞானிகளை வத்திக்கானுக்கு அழைத்து இவ்விடயத்தை ஆராய்ந்தது. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கண்டதாகச் சொல்லப்படுவது உயிரா, அன்றி உயிருக்கு வேண்டிய மூலப்பொருளா? இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள ஒரு விண்கல்லின் கதை உதவும்.

1969 செப்டெம்பர் 28ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மேர்ச்சிசன் என்னும் ஊரருகே ஒரு விண்கல் சிதறி விழுந்தது. ஏறக்குறைய 100 கிலோகிராம் துண்டுகள் பொறுக்கியெடுக்கப்பட்டன. காபன் செறிந்த, கருமையான, அரிய வகைக் கல் அது. சூரிய குடும்பம் உருவான காலத்துக்குரியது.

அவ்வேளை, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் கலிபோர்னியா ஆய்வுகூடமொன்று சந்திர மண்ணை ஆராய்வதற்கென நுட்பமான கருவிகளோடு ஆயத்தமாயிருந்தது. அங்கு பணியாற்றியவர்களுள் ஒருவர் நம் நாட்டவர். காலியில் 1923இல் பிறந்த சிறில் பொன்னம்பெரும. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்துப் பட்டம் பெற்று, பின்னரே இரசாயனத்துக்கு வந்தவர். உயிரின் தோற்றத்தை ஆராய்பவருக்கு இது பொருத்தமான பாதைதான். அவரும் கீத் குவென்வோல்டன் முதலிய சகாக்களும் அக்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை 1970இல் வெளியிட்டனர். நம் உடலின் புரதங்களைக் கட்டும் செங்கற்கள் இந்த அமினோ அமிலங்களே.

ஆனால் உடனே ஓர் ஐயம் எழுகின்றது. ஒருவர் விரலால் தொட்டாலே போதும், தோலிலுள்ள அமினோ அமிலங்கள் கல்லில் ஒட்டிவிடும். அப்படியானால் கண்டது விண்ணின் பொருளா, மனிதனின் வியர்வையா?

இதைத் தீர்த்து வைத்தது ஒரு விந்தையான இயல்பு. கிளைசீன் என்ற ஒன்று நீங்கலாக, புரதத்தில் உள்ள அமினோ அமிலம் ஒவ்வொன்றுக்கும் இரு வடிவங்கள் உண்டு. ஒரே அணுக்கள்; ஒரே எண்ணிக்கை. ஆயினும் ஒன்று மற்றதன் கண்ணாடி விம்பம். இடக்காற் செருப்பு வலக்காலுக்குப் பொருந்தாதல்லவா? அதுபோலத்தான். இரசாயனவியலார் இவற்றை இடக்கை வகை, வலக்கை வகை என்பர். பூமியின் உயிர்கள், பற்றீரியா முதல் மனிதன் வரை, தம் புரதங்களுக்கு இடக்கை வகையையே எடுக்கின்றன. மேர்ச்சிசன் கல்லிலோ இரண்டும் ஏறக்குறையச் சம அளவில் இருந்தன. பூமியின் புரதங்களிற் காணப்படாத அமினோ அமிலங்களும் அங்கே இருந்தன. ஆகவே அவை கைபட்டு வந்தவையல்ல; விண்ணில் உருவானவை. அதே சான்று இன்னொன்றையும் கூறிற்று: அவற்றை உண்டாக்கியது உயிரன்று, வெறும் இரசாயனம்.

ஒரே அளவீடு ஆர்வத்தைத் தூண்டியது. அதுவே எல்லையையும் போட்டது. செய்தித் தலைப்புகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இந்த இரண்டாம் பாதிதான்.

செவ்வாயிலும் இத்தகைய சோதனையே நேர்ந்தது. 1976இல் அங்கு இறங்கிய இரு வைக்கிங் கலங்களுள், மண்ணுக்கு ஊட்டத் திரவம் ஊற்றிய பரிசோதனையொன்றில் வாயு வெளியாயிற்று. உயிர்தான் என்று அதனை அமைத்த கில்பேட் லெவின் இறுதிவரை வாதாடினார். ஆயினும் மண்ணில் சேதனப் பொருள் அகப்படவில்லை. மண்ணின் இரசாயனமே அவ்வாயுவை எழுப்பியிருக்கலாம் என 1977இல் பொன்னம்பெருமவின் குழு காட்டியது. 2008இல் பீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பேர்குளோரேற்று உப்பைக் கண்டபின் வழக்கு மேலும் சிக்கலாயிற்று. சூடாக்கும்போது அவ்வுப்பு சேதனப் பொருளை அழித்துவிடும்.

பொன்னம்பெரும 1994இல் காலமானார். மேர்ச்சிசன் கல்லின் சில அமினோ அமிலங்களில் இடக்கை வகை சற்றுக் கூடுதல் என்று 1997இல் தெரியவந்தது. பூமியின் உயிர்கள் இடக்கையைத் தெரிந்துகொண்டதன் காரணம் விண்ணிலேயே இருக்கிறதோ என்று பலர் நம்பினர். 2023 செப்டெம்பரில் பெனு என்னும் சிறுகோளிலிருந்து 121 கிராம் அளவான மண், காற்றுப் படாமல் பூமிக்குக் கொண்டுவரப்பட்டது. எம் புரதங்களிலுள்ள 20 அமினோ அமிலங்களுள் 14 அதிலுண்டு என 2025 ஜனவரியில் அறிவித்தனர். ஆனால் இடக்கையும் வலக்கையும் அங்கே ஏறக்குறையச் சமமாகவே இருந்தன. இடக்கை மட்டும் ஏன் என்பதற்கு இன்னும் விடையில்லை.